செவ்வாய்க்கு முந்திய ஞாயிறு

ஆராதனை ஒன்பது மணிக்கு.
எட்டே காலுக்கே கோயில் யன்னல்கள் அதிர்ந்தன.
காத்தான்குடியிலிருந்து வந்த ஸ்பீக்கர்கள்
பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்தில்,
இரண்டு கறுத்த கேருபீன்கள்.
"பேஸைக் குறைக்கவா அக்கா?" என்றார் றிஸ்மி.
காணிக்கை எண்ணுகிறவள் நான்,
வங்கியில் இருபத்தொரு வருடம்.
சத்தம் எனக்கு ஆகாது.
"குறையுங்க" என்றேன்.
குறைக்கவில்லை.

போன மாதம் சபைக் கூட்டத்தில்
மூன்று பேர் எழுந்து போனார்கள்.
றொக் பாட்டா? கோயிலுக்குள்ளயா?
போதகர் ஞானரூபன் சொன்னது இவ்வளவுதான்:
"கிழமைக்கொருக்கா ஒரு மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு
திராய்மடுவில பதினொரு வீடு கதவைச் சாத்துது.
அதைவிடப் பெரிய சத்தம் ஒண்டு வேணும்."

பதினொரு பேரும் வந்தார்கள்.
ஏழு பேர் நெற்றியில் திருநீறு,
செருப்பு வாசலில்.
பை திறந்து பார்க்கிற அந்த வழக்கம்
எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை.
பதினொரு பையிலும்
ஒரே நீலப் புத்தகம்.

குறூப் லோன்.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்றப் பத்துப் பேரும் இருட்டும் மட்டும்
அவள் முற்றத்தில் குந்தியிருக்க வேணும்.
அப்படித்தான் பழகியிருந்தார்கள்
ஒருத்தியை ஒருத்தி வெறுக்க.
வசந்தமலரும் கிருபைநாயகியும்
ஒரே கிணற்றில் அள்ளிக்கொண்டு
எட்டு மாதம் பேச்சில்லை.
அன்றைக்கும் வாங்கின் இரண்டு அந்தம்.

டச்பார் டெரன்ஸ் பார்த்தலட்,
மற்ற ஆறு நாளும் வெல்டிங்,
கை நிறைய நெருப்புப் பொட்டு,
பேஸ் கிற்றாரை மாட்டிக்கொண்டார்.
ட்ரம்ஸில் யூனிஸ்.
சாதாரணதரப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவள்.
முடியை இறுக்கிக் கட்டி
நித்திரையிலிருந்து ஆண்டவரை
எழுப்பப் போகிறவள்போல் அடித்தாள்.
சலூனிலும் வான்களிலும் எல்லாரும் கேட்ட மெட்டு;
சொற்கள் மட்டும் சங்கீதம்.
எனக்கு முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிபரின் குதிக்கால்
அவருக்குத் தெரியாமல் ஆடியது.
அதை நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
நிறுத்தவில்லை.

கர்த்தருடைய செபம் வந்தது.
வாழ்நாள் முழுக்க முணுமுணுத்த செபம்,
நாலு நாலாய் வெட்டிய தாளத்தில்.
கடன்களை என்ற சொல்லில்
யூனிஸ் இரண்டு தடியையும் மேலே பிடித்து நிறுத்தினாள்.
கோயில் முழுக்க மௌனம்.
அந்த மௌனத்துக்குள்
கடைசி வாங்கிலிருந்து வசந்தமலர்,
உரத்து,
"எத்தின வீத வட்டிக்கு?"

முதலில் சிரித்தது கிருபைநாயகி.
அது எனக்கு நிச்சயம்.
பிறகு யார் யாரென்று சொல்ல முடியாது.
போதகர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
தடிகள் இறங்கின.
வாங்குகளைச் சுவரோடு தள்ளியது யாரென்றும் தெரியாது.
திருநீறும் வியர்வையும் வழிய
வாசல்மட்டும் ஆட்டம்.
நானும் கைதட்டினேன்.
கணக்கில் அதையும் எழுதிவைக்கிறேன்.

காணிக்கை:
ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாநூற்றைம்பது.
ஒற்றைக் காது வளையம் ஒன்று.
எந்த நாட்டினதோ தெரியாத நாணயம் ஒன்று.
கட்டவேண்டியது நாலு இலட்சத்து முப்பதாயிரம்.
இரண்டு தரம் எண்ணினேன்,
கூடவில்லை.

றிஸ்மி வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.
வாடகையை நீட்டினேன்.
"மறுகா தாங்க."
"எப்ப?"
"இவங்கட முடியட்டும்."
கொப்பியில் சபையின் பெயரை எழுதினார்.
இப்போது நாங்களும் கடன்காரர்.
"வட்டி?" என்றேன்,
வங்கிக்காரியின் வாய்.
"வட்டி எங்களுக்கு ஹராம் அக்கா."

செவ்வாய் வந்தது.
மோட்டார்சைக்கிளும் வந்தது.
இருபத்துநாலு வயதுப் பெடியன்,
கழுத்தில் கம்பனி ரை,
வெயிலில் சிவந்த காது.
பதினொரு கதவும் திறந்திருந்தன.
ஒரே முற்றத்தில் எல்லாரும்,
நடுவில் நான், கையில் கடித உறை.
நிலுவையும் இந்த மாதமும்.
மிச்சம் மிச்சம்தான்.

அவன் குந்தியிருந்து எண்ணத் தொடங்கினான்.
வசந்தமலர் கவிழ்த்த வாளியில் விரலால் தட்டினாள்,
நாலு நாலாய்.
கிருபைநாயகி குடத்தில் சேர்ந்துகொண்டாள்.

மூன்று தரம் எண்ணினான் பாவம்,
மூன்று தரமும் பிழைத்தது.